இடிப்பதா, புதுக்குவதா?

வீடு கட்டுதல் இல்லறத்தானுக்குரிய செயல்களுள் ஒன்று. கட்டிய வீட்டைப் பேணுதலும் அத்தகையதே. ஆனால், கட்டிய வீடு மூப்பெய்தும்போது அதனை என்ன செய்வது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் பொறியாளரிடமும் கொத்தனாரிடமும் ஒப்படைத்துவிடுகிறோம். செலவு எவ்வளவு, எத்தனை மாதம் பிடிக்கும், எத்தனை அறைகள் கிடைக்கும் என்பனவே பேச்சாகின்றன. இவையும் வேண்டியவையே. எனினும், பழைய வீட்டை இடிப்பதா, புதுக்குவதா என்பது கணக்கோடு முடிந்துவிடும் வினா அன்று. உயிர்களைப் பற்றியும் உடைமையைப் பற்றியும் நாம் கொண்டுள்ள கொள்கை சோதனைக்கு வரும் இடம் அது. இதனை வாசக அன்பர்களுடன் சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் ஒரு வீடு எழும்போது அதற்காகத் தோண்டப்பட்ட குன்றும் வற்றிய ஆறும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலைமேல் அவ்வாறு மறைக்க இயலாது. மண் சரிந்தால் அண்டை வீட்டின்மேல் சரியும். கழிவுநீர் கசிந்தால் கீழே ஓடும் ஓடையில் கலக்கும். செயலும் அதன் விளைவும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. மேலும், அதே பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், புதுக்குதல் என்றால் என்ன என்பதை நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்துள்ளனர். அதனைப் பின்னர்க் காண்போம்.

மலைமேல் ஒரு வீடு

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் தாளாமல் உடல்நலம் நாடி ஏறியவர்கள் அவர்கள். 1863-இல் லெவிஞ்ச் என்னும் அதிகாரி ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1910களில் மோட்டார் வண்டி ஏறும் சாலை திறக்கப்படும்வரை மனிதரும் பொருள்களும் ஆள்தோளிலும் விலங்கின் முதுகிலுமே மலையேற வேண்டியிருந்தது. சன்னல் கண்ணாடி ஒன்று உடையாமல் மேலே போய்ச் சேர்வதற்கு எத்தனை பேர் வியர்வை சிந்தினர் என்பதற்குக் கணக்கில்லை.

நாடு விடுதலை பெற்ற பின் வெளிநாட்டார் பலர் ஊர் திரும்பினர். நம்மவர் குடும்பங்கள் பல அவ்வீடுகளை வாங்கின. சில புதிதாகக் கட்டிக்கொண்டன. 1950களிலும் 60களிலும் எழுந்த அவ்வீடுகளில் பலவற்றுக்குக் கருங்கல் சுவரும், தகரக் கூரையோ மங்களூர் ஓடோ, மரச்சட்டச் சன்னல்களும், குளிர் காய்வதற்கு ஒரு கணப்பும் உண்டு. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும். இன்று அவற்றுக்கு எழுபது வயதாகிறது. தகரம் துருப்பிடிக்கிறது; சுவரில் ஈரம் ஏறுகிறது; மின்கம்பிகள் நைந்துவிட்டன.

அத்தகைய வீடொன்றை உடைய ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். எண்பது வயதுத் தாய் அவ்வீட்டில் வாழ்கிறார். மூத்த மகன், "இதனை இடித்துவிட்டுப் பல அறைகளோடு புதிய கட்டடம் எழுப்பினால் வாடகை வரும், அம்மாவுக்கும் வசதி" என்கிறான். இளையவன், "தாத்தா கட்டிய வீட்டில் ஓர் ஆணியையும் பிடுங்கக் கூடாது" என்கிறான். ஒருவன் கடமையைச் சொல்கிறான். மற்றவன் நன்றியைச் சொல்கிறான். இருவரும் அறத்தின் பெயராலேயே பேசுகின்றனர். யார் பக்கம் நியாயம்?

சுவருக்குள் அடங்கிய உயிர்கள்

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐவகை ஓரறிவுயிர்களை நாம் அறிவோம். ஒரு வீட்டைக் கட்டும்போது இவ்வைந்தும் ஒருங்கே வருந்துகின்றன. அடித்தளத்துக்கு நிலம் தோண்டப்படுகிறது, குன்று உடைக்கப்படுகிறது. சாந்து குழைக்கவும் சுவரை நனைக்கவும் நாள்தோறும் நீர் இறைக்கப்படுகிறது. சுண்ணாம்பும் ஓடும் சூளையில் வேகின்றன. சிமெண்டோ சுமார் 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருவாகிறது. மனிதர் காற்றில் விடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு இவ்வொரு பொருளால் வருகிறது. கதவுக்கும் சன்னலுக்கும் மரம் வீழ்கிறது. இவற்றைச் சார்ந்து வாழும் எறும்பு, கறையான், பறவை முதலான இயங்குயிர்களைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இதனால் இல்லறத்தான் வீடு கட்டவே கூடாது என்பது ஆகமத்தின் முடிவு அன்று. வேண்டுமென்றே செய்யும் சங்கல்பக் கொலை, இல்லற வினைகளில் நேரும் ஆரம்பத் தீங்கு, தொழிலில் நேரும் தீங்கு, தற்காப்பில் நேரும் தீங்கு எனக் கொலைத்தீங்கு நால்வகைப்படும். முதலாவதை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் முற்றும் விலக்க அவனால் இயலாது. இயன்றவரை குறைக்க வேண்டும். வீடு கட்டுதல் ஆரம்பத் தீங்கின்பாற் படும். மழைக்கும் குளிருக்கும் ஒதுங்க ஓரிடம் வேண்டும் என்னும் தேவையே அதற்கு இடம் தருகிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கருங்கல் உடைக்கப்பட்டபோது நேர்ந்த தீங்கு நேர்ந்ததுதான். அதனை இன்று யாராலும் திரும்பப் பெற இயலாது. ஆனால், அத்தீங்கு ஒரு தேவைக்காக நேர்ந்தது என்னும் நியாயம் அந்தச் சுவர் பயன்படும்வரை நிற்கிறது. நூறாண்டு நிற்கக்கூடிய சுவரை எழுபதாம் ஆண்டில் காரணமின்றி இடிப்பவன், எஞ்சிய முப்பது ஆண்டுகளுக்கும் அந்த நியாயத்தை அழித்துவிடுகிறான். அதோடு, அதே தேவைக்காக மற்றொரு முறை குன்றை உடைக்கிறான். மற்றொரு முறை சூளையை மூட்டுகிறான். ஒருமுறை செலுத்திய விலையை மறுமுறையும் பிற உயிர்களிடமிருந்து வாங்குகிறான்.

சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நமக்குப் பழக்கமான நூல்கள். ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்து போகும் பொருள் போகம் எனவும், மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம் எனவும் அங்கே பிரிக்கப்படுகின்றன. உணவு முதல் வகை. ஆடை இரண்டாம் வகை. வீடும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. தலைமுறைக்கு ஒருமுறை வீட்டை இடித்துக் கட்டுபவர், உபபோகத்துக்குரிய பொருளைப் போகப் பொருளாக்கி உண்டு தீர்க்கின்றனர் எனலாம்.

பழமை என்னும் பற்று

அப்படியானால் இளையவன் சொல்வதே சரியா? ஓர் ஆணியையும் பிடுங்காமல் விட்டுவிடுவதே அறமா? அதுவும் அன்று.

மழைக்காலத்தில் நடுக்குளிரில், இருட்டில், நனைந்த படிகளில் இறங்கிக் கழிப்பறைக்குப் போக வேண்டிய எண்பது வயதுத் தாயை எண்ணிப் பாருங்கள். அவர் வழுக்கி விழுந்தால், "தாத்தாவின் வீட்டை மாற்றாமல் காத்தேன்" என்னும் பெருமை அந்த எலும்பைக் கூட்டுமா? ஈரம் ஏறிய அறையில் மூச்சுத் திணறும் முதியவருக்குப் பழமையின் அழகு மருந்தாகாது. ஓரறிவுயிருக்கு இரங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு வீட்டிலுள்ள ஐயறிவு உயிரை வாட்டுதல் கருணையாகாது.

உடைமை என்பது பொருளில் இல்லை, அதன்மீது கொள்ளும் மயக்கத்தில் இருக்கிறது என்பது நம் ஆசாரியர் கொள்கை. புதிய பளிங்குத் தரையின்மேல் கொள்ளும் ஆசை மயக்கம் என்றால், பழைய கணப்பின்மேல் கொள்ளும் ஏக்கமும் மயக்கமே. பழையதைப் பற்றிக்கொள்வது துறவு போலத் தோன்றலாம். உண்மையில் அது பற்றின் மற்றொரு வடிவமாய் இருக்கக்கூடும்.

புதுமை சில நேரங்களில் தீங்கைக் குறைக்கவும் செய்கிறது. கணப்புக்குக் கட்டை கட்டையாக விறகு எரிகிறது. அதன் வெடிப்புகளில் வாழும் வண்டுகளும் உடன் எரிகின்றன. கூரைக்கு அடியில் வெப்பம் போகாமல் தடுக்கும் அடுக்கொன்றை வைத்து, சன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டால் அந்த விறகில் பெரும்பகுதி வேண்டாததாகிறது. சன்னலுக்கு நெருக்கமான கம்பி வலையிட்டு, மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. விளக்கை ஏற்றினால் விளக்கில் வந்து மடியும் பூச்சிகள் குறையும். இரவுண்ணாமையைக் காக்கும் குடும்பத்தார் இதன் அருமையை அறிவர். ஆகவே, பழமை அறம், புதுமை பாவம் எனப் பிரிப்பது ஒருபக்கப் பார்வை. அநேகாந்தம் பயின்ற நமக்கு அது பொருந்தாது.

தேவையும் வீணும்

இருவர் கூற்றிலும் ஒவ்வோர் உண்மை உள்ளது. இருவரிடமும் ஒவ்வொரு மயக்கமும் உள்ளது. அவற்றைப் பிரித்தறிய அளவுகோல் யாது?

அநர்த்த தண்ட விரதம் என்பது பயனற்ற தீங்கை விலக்கும் விரதம். அதன் பிரிவுகளுள் ஒன்றான பிரமாதசரியை என்னும் கவனமற்ற செயலை விளக்குமிடத்துச் சமந்தபத்திரர், வீணாக நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிதறுதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், தாவரத்தை வெட்டுதல் ஆகியவற்றைச் சொல்கிறார். வீடு கட்டும் வேலையின் ஐந்து உறுப்புகளும் இதுவே அன்றோ! அதே ஐந்து செயல்களும் தேவைக்காகச் செய்தால் ஆரம்பம். தேவையின்றிச் செய்தால் அநர்த்தம். கடப்பாரை ஒன்றுதான், அதனை எடுக்கும் காரணமே வேறு.

தாயின் படுக்கையறையை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டுதல் தேவை. நன்றாக இருக்கும் சிவப்புத் தரையை, அண்டை வீட்டாரிடம் புதுக்கற்கள் பதிந்திருப்பது கண்டு பெயர்த்தெறிதல் அநர்த்தம். நைந்த மின்கம்பியை மாற்றுதல் தேவை. சுவரைத் தட்டினாலும் அசையாத வீட்டை, "காலத்துக்கு ஏற்றதாய் இல்லை" என்று தரைமட்டமாக்குதல் அநர்த்தம். இந்த வேறுபாட்டைப் பொறியாளர் சொல்ல மாட்டார். உரியவரே தம் நெஞ்சைக் கேட்டறிய வேண்டும்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் மீறல்களை எண்ணுமிடத்து நூல்கள் நிலத்தையும் வீட்டையும் முதலில் வைக்கின்றன. பிற்கால உரையாசிரியர் சிலர் ஒரு நுட்பமான ஏமாற்றையும் காட்டியுள்ளனர். ஒரே வீடுதான் வைத்துக்கொள்வேன் என விரதம் பூண்டவன், அடுத்த வீட்டையும் வாங்கி, இடையிலுள்ள சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, "என்னிடம் ஒரு வீடே உள்ளது" என்பானாயின், எண்ணிக்கை காக்கப்பட்டது, விரதம் காக்கப்படவில்லை. இன்று 'வசதிப்படுத்துகிறோம்' என்னும் சொல்லின் கீழ் நடைபெறும் பல விரிவாக்கங்களுக்கு இவ்வுவமை பொருந்துகிறது.

மூத்த மகனின் எண்ணத்தையும் இந்த ஒளியில் பார்க்க வேண்டும். வாடகை வரும் என்பது உண்மை. ஆனால், மலை அதனைத் தாங்குமா? மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே சட்டம் வந்தது. இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்று அதற்கு மேலும் தளங்கள் எழுப்பிய கொடைக்கானல் விடுதி ஒன்றன்மீது, பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் விதிமீறலுக்கு இடம் தர மறுத்தது. பின்னர் வண்டிகளின் நெருக்கடி மிகுந்து, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூரார் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் பெறும் முறை வந்தது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டளவில் நியாயம் என எண்ணிக் கட்டியவை ஒன்றுசேர்ந்து ஊரையே மூச்சடைக்கச் செய்கின்றன. சட்டம் தடுக்கும்வரை கட்டலாம் என்பது குடிமகனின் கணக்காய் இருக்கலாம். விரதத்தின் கணக்கு அதற்கு முன்பே தொடங்குகிறது.

எவ்வாறு புதுக்குவது?

புதுக்குவது என்று முடிவு செய்தபின், செய்யும் முறையிலும் அறம் உண்டு.

முதலாவது, பொருள்களைப் பற்றியது. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவில் வாழ்ந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1940களில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே வீடு அமைய வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து தம்மை ஆட்கொண்டதாக அவர் பலமுறை சொல்லியுள்ளார். நம் திசை விரதம் மனிதன் செல்லும் எல்லையை வரையறுக்கிறது. அவன் வீட்டுக்கு வந்து சேரும் பொருள்களுக்கும் அவ்வாறு ஓர் எல்லை வகுத்துக்கொண்டால் என்ன? பழைய வீட்டிலேயே கிடைக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் ஐந்து மைலும் வேண்டாம். ஐந்து அடி போதும். பெயர்த்த கதவைச் சீவிச் சன்னலாக்கலாம். உடைந்த கல்லைப் படியாக்கலாம்.

இரண்டாவது, வீட்டின் இயல்பை அறிந்து செய்தல். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் வண்ணமும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்பால் பழுது பார்த்தால் சுவரும் வாழும், வேலையும் இரட்டிக்காது. அறியாமையால் செய்யும் பழுது மற்றொரு பழுதை ஈன்றுவிடுகிறது.

மூன்றாவது, வேலை செய்யும் மனிதரைப் பற்றியது. அக்கால வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகடுகள் உள்ளன. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அத்தகட்டை உடைத்தும் அறுத்தும் எடுக்கும்போது எழும் நுண்தூசு வேலையாளின் நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்து நோயாகிறது. ஆதலின் அதனை நனைத்து, உடைக்காமல், முகக்கவசம் அணிந்து கழற்றச் செய்வது உரியவர் கடமை. செலவு கூடுமே எனத் தயங்குவோர், அச்செலவை ஒரு சித்தாளின் மூச்சிலிருந்து எடுக்கின்றனர். அவ்வாறே, புதிய கழிப்பறைக்குக் கட்டும் கழிவுநீர்த் தொட்டியை ஓடைக்கு எட்ட வைத்து, மனிதன் உள்ளே இறங்க வேண்டாதபடி இயந்திரத்தால் உறிஞ்சும் வழியோடு அமைக்க வேண்டும். மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. நம் அறமோ அதற்கு முன்பே வந்துவிட்டது, கைக்கொள்ளுதல்தான் பிந்தியது.

நான்காவது, சிற்றுயிர்களைப் பற்றியது. கூரையைப் பிரிக்கும் முன் ஒருநாள் பொறுமையாய்ச் சுற்றிப் பார்த்தால் கூடு, தேனடை, வௌவால் தங்கும் மூலை ஆகியன தெரியவரும். குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பகுதியை விட்டுவைத்து மற்றொரு பகுதியில் வேலையைத் தொடங்கலாம். ஈரமும் இடுக்கும் இல்லாதபடி முன்பே காத்தால் கறையானுக்கு நஞ்சூற்றும் நிலையும் வாராது.

ஐவர்மலை கற்பிப்பது

இப்போது மலையடிவாரத்துக்கு இறங்குவோம். பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில் ஐவர்மலை உள்ளது. பண்டு திருவயிரை எனப்பட்ட அக்குன்றில், இயற்கைக் குகையின் மேற்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது பொது ஆண்டு 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியர் காலக் கணக்கை உறுதி செய்ய வரலாற்று அறிஞர்க்கு உதவிய கல்வெட்டு அது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், அங்கிருந்த பார்சுவ பகவானின் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கினார் என்பது அதன் செய்தி. அத்துடன், தடையின்றி அவி வழங்கவும் ஓர் அடிகளுக்கு உணவளிக்கவும் 505 காணம் பொன் வைத்தார் என்றும் அது கூறுகிறது.

இதில் இரண்டு செய்திகள் நெஞ்சில் நிறுத்தத்தக்கன. ஒன்று, கல்வெட்டு ஆளும் 'புதுக்கி' என்னும் சொல். பழையதை அகற்றிவிட்டுத் தம் பெயரால் புதியதொன்றை நிறுவியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னோர் செய்தது தொடரும்படி செய்தார். இரண்டு, புதுக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. நாளை அதனைப் பேணுவதற்கும், அங்கே உயிர்வாழும் ஒருவரின் பசிக்கும் பொருள் ஒதுக்கினார். கல்லுக்குச் செய்ததும் மனிதருக்குச் செய்ததும் ஒரே அறத்தில் அடங்கின. நாமோ புதுமனை புகுவிழாவுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பழுதுபார்ப்புக்கு ஒதுக்குவதில்லை. ஒழுகும் ஓட்டை அவ்வப்போது மாற்றாத வீடே இடிக்க வேண்டிய வீடாக முடிகிறது. இடித்தல் பெரும்பாலும் ஒருநாள் முடிவன்று; பல்லாண்டுப் பராமுகத்தின் விளைவு.

உள்பொருள் யாவும் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றோடும் கூடியது என்பது நம் தத்துவத்தின் அடிப்படை. பொன் வளையலாகவும் பின் மோதிரமாகவும் மாறும். பொன் பொன்னாகவே நிற்கும். புதுக்குதல் இத்தத்துவத்துக்கு இசைந்த செயல். பழைய அமைப்பொன்று மறைகிறது. புதிய அமைப்பொன்று தோன்றுகிறது. நிலைக்க வேண்டியது நிலைக்கிறது. இடித்தலை மட்டும் விரும்புபவர் நிலைபேற்றை மறக்கின்றனர். மாறாமையை மட்டும் விரும்புபவர் தோற்றத்தையும் அழிவையும் மறுக்கின்றனர்.

ஆகவே அக்குடும்பத்தார் இருவரும் முதலில் செய்ய வேண்டியது தாயிடம் கேட்பது. அவருக்குத் தேவை பல அறைகளா, வழுக்காத ஒரு தரையா, ஈரமில்லாத ஒரு சுவரா என்பதை அவரே சொல்வார். அத்தேவையளவுக்குக் கடப்பாரை எடுக்கப்படட்டும். அதற்கு மேல் வேண்டாம். எஞ்சிய பொருளில் ஒரு பகுதி ஆண்டுதோறும் வீட்டைப் பேணுவதற்கும், ஒரு பகுதி சாந்திவீரக் குரவர் வழியில் பிறர் பசி தீர்ப்பதற்கும் ஆகட்டும். வீட்டின் சுவரே அடியோடு தளர்ந்து, பழுது பார்த்தாலும் நில்லாது என்றால் இடிக்கத்தான் வேண்டும். அப்போதும் அதன் கல் அடுத்த சுவருக்குச் செல்லட்டும்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலும் நம் முன்னோர் கட்டிய திண்ணை வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. நகரங்களில் வாழும் பிள்ளைகள் விழாக்களுக்கு ஊர் வரும்போது, "இதனை என்ன செய்யலாம்?" என்னும் பேச்சு எழத்தான் செய்கிறது. அப்பேச்சு எழும்போது எத்தனை சதுர அடி கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், எத்தனை உயிர்களின் வருத்தம் இச்சுவருக்குள் ஏற்கெனவே அடங்கியுள்ளது, இங்கே வாழப்போகிறவருக்கு உண்மையில் எது குறைகிறது என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்போமாக. விடை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடலாம். கேட்டு எடுத்த முடிவில் தீங்கு குறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அறம் தழைக்க!